கேமிடம் உங்கள் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி வைன் என்ன சொல்லி வைத்திருக்கிறது? கண்டுபிடிக்கும் வழி

கார்டு நல்ல கார்டு. டிரைவரும் போட்டாயிற்று. லினக்ஸில் வைன் வழியாக ஒரு விண்டோஸ் கேமைத் திறந்தால் "உங்கள் கிராபிக்ஸ் கார்டு இந்த கேமுக்குப் போதாது" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இல்லையென்றால், மாட்டியிருப்பது என்விடியா, கேமின் செட்டிங்ஸ் பக்கம் காட்டுவது ஏஎம்டி ரேடியான். இன்னொரு நாள் 8 ஜிபி மெமரி உள்ள கார்டை வைத்துக்கொண்டு "128 எம்பி வீடியோ மெமரி தேவை" என்று திட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மூன்றும் எனக்கு நடந்தவை. மூன்றிலும் கார்டு ஒரு பாவமும் அறியாது, கேமுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் சொன்ன பதில்தான் வினையானது.

கேம், விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்3டியில் கேட்கிறது. அந்தக் கேள்வியை வைனோடு கூடவே வரும் வைன்டி3டி வாங்கிக்கொள்ளும், அல்லது தனியாகப் போடுகிற டிஎக்ஸ்விகே வாங்கிக்கொள்ளும். டைரக்ட்3டி 12 என்றால் பெரும்பாலும் விகேடி3டி-ப்ரோட்டான். இவர்கள் போய் லினக்ஸ் பக்கத்து கிராபிக்ஸ் மொழிகளான வல்கனிடமோ ஓபன்ஜிஎல்லிடமோ கேட்பார்கள், அங்கிருந்து டிரைவர், டிரைவரிலிருந்து கார்டு. பதில் இதே வழியில் திரும்பி வரும்போது ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மாறும். சில இடத்தில் தேய்ந்து வரும், சில இடத்தில் வேண்டுமென்றே பொய் சொல்லப்படும். ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: கார்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியிலும் "நீ என்ன பதில் தருகிறாய்" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறுவது. பதில் எந்தப் படியில் மாறுகிறதோ அங்கே கை வைக்க வேண்டும். தலைகீழாக, கேமின் செட்டிங்ஸில் ஆரம்பித்து நோண்டினால் ஒரு வாரம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும், கேமைத் திறக்கும் கட்டளைக்கு முன்னால் எழுதும் மாறிகளின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரும்பாலும் மாறிகள் எல்லாம் பெரிய எழுத்து, கட்டளைகள் எல்லாம் சின்ன எழுத்து.

முதல் படி: கார்டும் டிரைவரும்

எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று தட்டி, விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் என்று வரும் வரியைப் பாருங்கள். கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர்: 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா. இரண்டாவது எண் கார்டின் மாடல். இரண்டையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மேலே போகப் போக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அடியில் எந்த கெர்னல் டிரைவர் ஓடுகிறது என்றும் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் மேலே ஏறுவதில் அர்த்தமில்லை, முதலில் டிரைவரைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது வல்கன்இன்ஃபோ --சம்மரி. இதுதான் முக்கியமான கட்டளை, ஏனென்றால் டிஎக்ஸ்விகேயும் இதே கேள்விகளைத்தான் கேட்கப் போகிறது. வரும் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் ஏபிஐ வெர்ஷன், வெண்டார் ஐடி, டிவைஸ் ஐடி, டிவைஸ் டைப், பெயர் எல்லாம் இருக்கும். டிவைஸ் டைப்பை முதலில் பாருங்கள். தனிக் கார்டு என்றால் டிஸ்கிரீட், பிராசஸருக்குள் இருப்பது என்றால் இன்டக்ரேட்டட். பட்டியலில் எல்எல்விஎம்பைப் என்ற ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்து, டைப் சிபியு என்று போட்டிருந்தால் உங்கள் கார்டுக்கு வல்கன் டிரைவரே இல்லை, எல்லாவற்றையும் பிராசஸர் கையால் வரைந்துகொண்டிருக்கிறது. அதன் வெண்டார் ஐடி 10005 என்று வரும், அது லினக்ஸின் திறந்த மூல கிராபிக்ஸ் டிரைவர்களை எழுதும் மெசா திட்டத்துக்கு ஒதுக்கிய எண், எந்தக் கார்டு கம்பெனியுடையதும் அல்ல. இந்த எண்ணை கேம் லாகில் எங்கேயாவது பார்த்தால் உடனே விஷயம் புரிந்துவிடும்.

டிரைவர் வெர்ஷன் என்ற எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏபிஐ வெர்ஷனை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று வல்கன் விதி வைத்திருக்கிறது, டிரைவர் வெர்ஷனுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு பிட்டுகளை அடுக்கும். மற்றவர்களின் சூத்திரத்தில் என்விடியாவின் எண்ணைப் பிரித்தால் சம்பந்தமே இல்லாத ஒரு வெர்ஷன் வரும்.

ஏபிஐ வெர்ஷன் அப்படி அல்ல, அது உயிர்நாடி. டிஎக்ஸ்விகே 2.0, 2022 நவம்பரில் வந்தது, அதிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். என்விடியாவின் கெப்ளர் கார்டுகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 600 வரிசையும் 700 வரிசையில் பெரும்பாலானவையும், கடைசியாகக் கிடைத்தது 470 வரிசை டிரைவர், அது தருவது வல்கன் 1.2. ஆகவே அந்தக் கார்டில் புதிய டிஎக்ஸ்விகேயைப் போட்டால் கார்டு பட்டியலில் கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் டிஎக்ஸ்விகே அதைத் தாண்டிப் போய்விடும். பழைய 1.10.3ஐப் போட்டால் ஓடும். கார்டு செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போடுவதற்கு முன் இதை ஒரு முறை பாருங்கள்.

வல்கன்இன்ஃபோ சுத்தமாக இருந்தும் கேம் மட்டும் "கருவி எதுவும் இல்லை" என்று சொல்கிறதா? அந்த கேம் 32 பிட்டா என்று பாருங்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்த வல்கன்இன்ஃபோ 64 பிட், அது பார்ப்பது 64 பிட் டிரைவரை. 32 பிட் கேமுக்கு 32 பிட் டிரைவர் நூலகம் தனியாக வேண்டும், பல லினக்ஸ் விநியோகங்களில் அது தானாக வருவதில்லை. பழைய கேம்களில் இந்தத் தொல்லை மிக அதிகம். 2024 ஜனவரியில் வந்த வைன் 9.0இலிருந்து புதிய வாவ்64 முறை ஒன்று பக்குவமாகி வருகிறது, அந்த முறையில் கட்டிய வைனில் 32 பிட் கேமும் 64 பிட் நூலகத்தையே கூப்பிடும், அப்போது இந்த அலைச்சல் தேவைப்படாது. உங்கள் வைன் எந்த முறையில் கட்டியது என்று தெரியாவிட்டால் 32 பிட் டிரைவரையும் போட்டுவிடுங்கள், கெட்டுப்போகாது.

இரண்டாம் படி: நடுவில் நிற்பது யார்?

இதை நிச்சயப்படுத்தாமல் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். டிஎக்ஸ்விகேயின் கோப்பில் ஏதேதோ மாற்றிக்கொண்டிருப்பார்கள், ஓடுவதோ வைன்டி3டி. தெரிந்துகொள்ள எளிய வழி: கேமை டிஎக்ஸ்விகே_ஹட்=டெவ்இன்ஃபோ,ஏபிஐ,வெர்ஷன் என்ற மாறியோடு திறங்கள். திரையின் இடது மேல் மூலையில் எழுத்து வந்தால் டிஎக்ஸ்விகே ஓடுகிறது. வராவிட்டால் ஓடுவது வைன்டி3டி, அல்லது கேம் டைரக்ட்3டி 12, அல்லது அது நேரடியாக வல்கனோ ஓபன்ஜிஎல்லோ பயன்படுத்தும் கேம்.

அந்த மூலையில் வரும் ஏபிஐ வரியில் ஒரு ஃபீச்சர் லெவல், அதாவது டைரக்ட்3டி வசதிகளின் ஒரு தொகுப்பைக் குறிக்கும் எண், தெரியும், 11_0 என்பது போல. அதைப் பார்த்து "என் கார்டு 12_1 வரை போகுமே, ஏன் குறைத்துக் காட்டுகிறது" என்று பதற வேண்டாம். அது கேம் கேட்டு வாங்கிய லெவல். கார்டு எவ்வளவு தரும் என்பதை லாகில்தான் பார்க்க வேண்டும்.

லாக் எடுக்க டிஎக்ஸ்விகே_லாக்_லெவல்=இன்ஃபோ என்றும், டிஎக்ஸ்விகே_லாக்_பாத் மாறியில் ஒரு ஃபோல்டரும் கொடுங்கள். ஸ்டீமின் வைன் வடிவமான ப்ரோட்டானில் என்றால் ப்ரோட்டான்_லாக்=1 போதும், ஹோம் ஃபோல்டரில் ஸ்டீம் என்று ஆரம்பித்து கேமின் எண்ணோடு ஒரு லாக் வந்து உட்காரும். கோப்பைத் திறந்து மேலிருந்து படியுங்கள், பாதிக் கேள்விகளுக்கு முதல் நூறு வரிகளுக்குள் பதில் இருக்கும். முதலில் டிஎக்ஸ்விகேயின் வெர்ஷன். அப்புறம் கண்ணில் பட்ட கருவிகள் ஒவ்வொன்றும். தகுதி இல்லாதது என்று ஒன்றைத் தள்ளிவிட்டால் ஸ்கிப்பிங் என்ற சொல்லோடு காரணமும் இருக்கும், மேலே சொன்ன கெப்ளர் கதை இங்கேதான் வெளிப்படும். கருவியைத் தேர்ந்தெடுத்தபின் அதில் இயக்கிய எக்ஸ்டென்ஷன்களும் (அடிப்படைக்கு மேல் சேர்த்த கூடுதல் வசதிகள்) ஃபீச்சர்களும் வரிசையாக வரும். மெமரி ஹீப் என்று ஆரம்பிக்கும் வரிகளில் கார்டின் மெமரி எம்பி கணக்கில் இருக்கும்.

நான் நேராகப் போய்த் தேடுவது இரண்டு வரிகளை. மேக்ஸிமம் சப்போர்ட்டட் ஃபீச்சர் லெவல் என்று ஒன்று, யூஸிங் ஃபீச்சர் லெவல் என்று இன்னொன்று. முதலாவது டிஎக்ஸ்விகே தரத் தயாராக இருப்பது, இரண்டாவது கேம் எடுத்துக்கொண்டது. முதலாவது 12_1 என்றும் இரண்டாவது 11_0 என்றும் இருந்தால் எல்லாம் நலம். முதலாவதே 10_1இல் நின்றுவிட்டது, கேமோ 11_0 கேட்கிறது என்றால் குறை கீழே இருக்கிறது, டிரைவர் ஏதோ ஒரு வசதியைத் தரவில்லை. இரண்டு வரியுமே இல்லாமல் கேம் விழுந்துவிட்டது என்றால் கருவி உருவாகும் கட்டத்துக்கே போகவில்லை. அப்போது கேம் பெயரையோ மெமரியையோ பார்த்தே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

கீழே எந்த வசதி குறைந்தால் மேலே எந்த லெவல் விழும் என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. டைரக்ட்3டியில் 10_0 லெவலிலிருந்தே ஜியாமெட்ரி ஷேடர் (கார்டிலேயே ஓடி வடிவங்களை மாற்றும் சிறு நிரல்) கட்டாயம், வல்கனில் அது விருப்ப வசதி. ஆப்பிளின் மெட்டலில் ஜியாமெட்ரி ஷேடர் என்ற ஒன்றே இல்லை, அதனால்தான் மெட்டல் மேல் உட்காரும் மோல்டன்விகே வழியாக டிஎக்ஸ்விகேயை ஓட்டுவது இவ்வளவு பாடு. 11_0க்கு 16384 பிக்சல் அகல டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) வேண்டும், வல்கன் 1.0 எல்லாக் கருவிக்கும் உத்தரவாதம் தருவது 4096 மட்டும். கணினிக் கார்டுகளில் இது பிரச்சினையே அல்ல. டெக்ஸ்ச்சர் கம்ப்ரஷன் பிசி என்ற வசதியும் (பிசி என்பது பிளாக் கம்ப்ரஷன், டெக்ஸ்ச்சரைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை) அப்படித்தான், கணினியில் எங்கும் இருக்கும், மொபைல் சிப்புகளில் பல வேறு சுருக்க முறைகளான ஏஎஸ்டிசியோடும் இடிசி2வோடும் நின்றுவிடும். விண்டோஸ் கேமின் டெக்ஸ்ச்சர்களோ ஏறக்குறைய எல்லாமே பிசி வடிவத்தில்.

வைன்டி3டி ஓடினால்

இது டைரக்ட்3டியின் பழைய வெர்ஷன்களிலிருந்து 11 வரை எடுத்து, வழக்கமாக ஓபன்ஜிஎல்லாக மாற்றும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஓபன்ஜிஎல்லிடம் பிசிஐ எண் கேட்க ஒரு பொதுவழி கிடையாது, அது தருவது பெயர்ச் சரம் மட்டும். கேமோ டைரக்ட்3டி வழியாக எண்ணைக் கேட்கிறது. என்ன செய்வது? வைன்டி3டி தன்னிடம் ஒரு பெரிய பட்டியலை வைத்திருக்கிறது, கார்டின் பெயர், எண், வழக்கமான மெமரி அளவு எல்லாம் அதில். டிரைவர் தரும் பெயருக்குள் பட்டியலில் உள்ள சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரையும் வசதிகளின் அளவையும் பார்த்து, அதே கம்பெனியின் ஏதோ ஒரு பழைய கார்டைத் தோராயமாகச் சொல்லிவிடும். புத்தம் புதிய கார்டை வாங்கிப் போட்டவருக்கு கேமில் பல வருடம் பழைய பெயர் தெரிவது இப்படித்தான்.

அந்தப் பெயர்ச் சரத்தை நீங்களும் பார்க்கலாம், ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி என்று பெரிய எழுத்து பி (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) போட்டால் சுருக்கமாக வரும். ரெண்டரர் ஸ்ட்ரிங் என்ற வரிதான் வைன்டி3டி மோப்பம் பிடிக்கிற வரி. அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வைன்டீபக்=+டி3டி என்று கொடுத்து ஓட்டலாம், ஆனால் லாக் மலைபோலக் குவியும், கேம் நத்தையாகும், முதல் திரை வந்ததும் மூடிவிடுங்கள்.

ஊகம் தப்பு என்றால் திருத்த வழி ரெஜிஸ்ட்ரி. வைன் ரெஜெடிட்டைத் திறந்து, கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், வைன், டைரக்ட்3டி என்று போங்கள், கடைசிக் கீ இல்லாவிட்டால் உருவாக்குங்கள். வீடியோபிசிஐவெண்டார்ஐடி, வீடியோபிசிஐடிவைஸ்ஐடி இரண்டும் டிவேர்ட் வகை, முதல் படியில் காகிதத்தில் குறித்தோமே, அந்த எண்கள்தான். வீடியோமெமரிசைஸ் என்பது ஸ்ட்ரிங் வகை, எம்பியில் எழுத வேண்டும். ரெண்டரர் என்ற ஸ்ட்ரிங்கில் வல்கன் என்று போட்டால் வைன்டி3டியே ஓபன்ஜிஎல்லை விட்டு வல்கனுக்கு மாறும். ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் ஒரு தடவை மட்டும் சோதிக்க வைன்_டி3டி_கான்ஃபிக்="ரெண்டரர்=வல்கன்" என்ற மாறியும் உண்டு.

128 எம்பி இல்லாத 8 ஜிபி கார்டு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பழைய கேம் ஆடுகிறவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மாட்டிக்கொள்வார்கள். டைரக்ட்3டி 9 காலத்து கேம் ஒன்று. ஆரம்பத்திலேயே 128 எம்பி வீடியோ மெமரி வேண்டும் என்று சொல்லி மூடிக்கொண்டது. வல்கன்இன்ஃபோ 8 ஜிபி காட்டுகிறது, டிஎக்ஸ்விகே லாகிலும் ஹீப் சரியாக இருக்கிறது. அப்புறம் யார் குறைத்துச் சொன்னது?

யாரும் குறைக்கவில்லை. கேமுக்குத்தான் அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லை. டைரக்ட்3டி 9இல் மெமரி கேட்கும் கெட்அவைலபிள்டெக்ஸ்ச்சர்மெம் என்ற அழைப்பு பதிலை 32 பிட் எண்ணாக, பைட் கணக்கில் தருகிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் எழுதவே இடமில்லை, ஆகவே எந்த அடுக்கும் அதற்குள் ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தோடு நின்றால் பரவாயில்லை. கேமை எழுதியவர் அந்தப் பதிலை வாங்கி, குறியோடு கூடிய முழு எண்ணில் போட்டு வைத்தார் என்று வையுங்கள். அதில் 2147483647 வரைதான் நேர்மறை. 2 ஜிபியைத் தொட்டதும் எண் மைனஸாகிவிடும். மைனஸ் எண் 128ஐவிடச் சின்னதுதானே, கேம் நாணயமாகக் கணக்குப் போட்டு "போதாது" என்றது. அந்த கேம் வந்த காலத்தில் 256 எம்பி கார்டே பெரிய விஷயம், 2 ஜிபியை யார் யோசித்தார்கள்?

தீர்வு, கார்டைச் சின்னதாகக் காட்டுவது. கேமின் இயங்கு கோப்பு இருக்கும் ஃபோல்டரில் டிஎக்ஸ்விகே.கான்ஃப் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கி, டி3டி9.மேக்ஸ்அவைலபிள்மெமரி = 1024 என்று ஒரே ஒரு வரி எழுதினேன். கேம் திறந்தது. இதன் இயல்பான மதிப்பு 4096, அதாவது 2 ஜிபி எல்லைக்கு மேலே. வைன்டி3டி என்றால் மேலே சொன்ன வீடியோமெமரிசைஸில் 1024. கேம் உண்மையில் எடுக்கப்போவது சில நூறு எம்பிதான் என்பதால் குறைத்துச் சொன்னதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. புதிய கேமுக்கு இதைச் செய்யாதீர்கள், அது டெக்ஸ்ச்சரின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டைரக்ட்3டி 10, 11 கேம்களில் மெமரியைச் சொல்வது அதன் கூட வரும் டிஎக்ஸ்ஜிஐ என்ற நூலகம். அங்கேயும் டெடிகேட்டட்வீடியோமெமரி என்ற இடம் 32 பிட் கேமில் 32 பிட்தான், அதே குழி. அங்கே பயன்படுத்த வேண்டிய வரி டிஎக்ஸ்ஜிஐ.மேக்ஸ்டிவைஸ்மெமரி.

ஓபன்ஜிஎல் கேம்களில் இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். அந்தக் காலத்து கேம்கள் கார்டின் எக்ஸ்டென்ஷன் பட்டியலை ஒரே நீளச் சரமாக வாங்கி, அளவு குறித்த ஒரு பெட்டிக்குள் நகல் எடுக்கும். இன்றைய டிரைவர் தரும் பட்டியல் அந்தப் பெட்டியைத் தாண்டி வழிந்து கேமைக் கவிழ்த்துவிடும். மெசா டிரைவரில் மெசா_எக்ஸ்டென்ஷன்_மேக்ஸ்_இயர்=2003 என்று கொடுத்தால் அந்த வருடத்துக்குப் பின் வந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த மாறி இது.

என்விடியாவை ஏஎம்டி என்று சொல்வது ஏன்?

இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது. கேம் வெண்டார் ஐடி 10டிஇ என்று பார்த்ததும் என்விஏபிஐ என்ற என்விடியாவின் தனி நூலகத்தைத் தேடும். வைனில் அது இல்லாவிட்டால் சில கேம்கள் பேசாமல் போய்விடும், சில அங்கேயே விழுந்துவிடும். அதனால் டிஎக்ஸ்விகே பல இடங்களில் ஏதோ ஒரு ரேடியானின் பெயரைச் சொல்லிவிட்டது. பெயர் மட்டும்தான் மாறும், வரைவது உங்கள் என்விடியாவேதான், வேகத்தில் ஒன்றும் குறையாது.

என்விடியாவின் படம் பெரிதாக்கும் நுட்பமான டிஎல்எஸ்எஸ் வேண்டும் என்றால் மட்டும் இந்தப் பொய்யைக் கலைக்க வேண்டும். டிஎக்ஸ்விகே-என்விஏபிஐ என்ற தனித் திட்டம் அந்த நூலகத்தின் இடத்தை நிரப்புகிறது. அதைப் போட்டுவிட்டு டிஎக்ஸ்விகே.கான்ஃப் கோப்பில் டிஎக்ஸ்ஜிஐ.ஹைட்என்விடியாஜிபியு = ஃபால்ஸ் என்று எழுதுங்கள். நூலகத்தைப் போடாமல் வரியை மட்டும் எழுதினால் பழைய கதையே.

பொய்யை நீங்களாகவும் சொல்லலாம். டிஎக்ஸ்ஜிஐ.கஸ்டம்வெண்டார்ஐடி, கஸ்டம்டிவைஸ்ஐடி, கஸ்டம்டிவைஸ்டெஸ்க் மூன்றும் அதற்குத்தான், எண்களை முன்னொட்டு இல்லாமல் நான்கு இலக்கமாக எழுத வேண்டும். கேம் பெயரைப் பார்த்தே மறுக்கிறது என்றால் இது கைகொடுக்கும். ஆனால் வெண்டார் ஐடியை மாற்றினால் கேம் உள்ளே போகும் பாதையும் மாறலாம். டைரக்ட்3டி 9 கேம்கள் சில, டெப்த் பஃபரை (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் என்று குறித்து வைக்கும் இடம்) டெக்ஸ்ச்சராகப் படிக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ரகசிய வடிவத்தை வைத்திருந்தன, ஒருவருக்கு ஐஎன்டிஇசட், இன்னொருவருக்கு டிஎஃப்24. பெயரை மாற்றிய பிறகு நிழல்கள் மட்டும் காணாமல் போனால் சந்தேகம் இங்கே வரட்டும். இல்லாத வசதியைப் பெயர் மாற்றிக் கொண்டுவர முடியாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் விகேடி3டி_ஃபீச்சர்_லெவல்=12_2 என்று போட்டுவிட்டு கேம் விழுகிறது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 12_2 லெவலுக்கு மெஷ் ஷேடர், ரே டிரேசிங் 1.1 எல்லாம் கார்டிலும் டிரைவரிலும் நிஜமாகவே இருக்க வேண்டும். டைரக்ட்3டி 12க்கு விகேடி3டி_டீபக்=இன்ஃபோ கொடுத்து, விகேடி3டி_லாக்_ஃபைலில் பாதை காட்டிப் படிப்பதுதான் முறை.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்

டிஎக்ஸ்விகே தானாகவே தனிக் கார்டை முன்னால் வைக்கும், பெரும்பாலும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மாற வேண்டும் என்றால் டிஎக்ஸ்விகே_ஃபில்டர்_டிவைஸ்_நேம் மாறியில் வல்கன்இன்ஃபோ காட்டிய பெயரின் ஒரு பகுதியைக் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் எல்லாக் கருவியும் வடிகட்டப்பட்டு, கருவியே இல்லை என்று லாகில் வரும். மெசா பக்கம் மெசா_விகே_டிவைஸ்_செலக்ட்=லிஸ்ட் என்று போட்டு வல்கன்இன்ஃபோவை ஓட்டினால் எண்களோடு பட்டியல் கிடைக்கும். ஓபன்ஜிஎல் வழியாக ஓடும் வைன்டி3டிக்கு டிஆர்ஐ_பிரைம்=1.

நீங்களே கேமோ கருவியோ எழுதுகிறீர்கள் என்றால்

மேலே உள்ள தொல்லையில் பாதி, எழுதியவர் கார்டின் பெயரைப் பார்த்து முடிவெடுத்ததால் வந்தது. பெயரை லாகில் எழுதி வையுங்கள், முடிவை வசதியைக் கேட்டு எடுங்கள். டைரக்ட்3டி 11இல் கருவியை உருவாக்கும்போது லெவல் பட்டியலை நல், அதாவது காலி, என்று விட்டுவிட்டால் அது முயலும் பட்டியல் 11_0இல்தான் ஆரம்பிக்கும், 11_1 அதில் கிடையாது. 11_1 வேண்டும் என்றால் பட்டியலை நீங்களே கொடுக்க வேண்டும், அதைத் தெரியாத பழைய ரன்டைம் தவறான அளவுரு என்று திருப்பியனுப்பும், அப்போது 11_1 இல்லாமல் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு முயற்சி, பத்து வரி கோட்.

வல்கனில் இதைவிட நுணுக்கமான குழி ஒன்று: எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அதற்குள் இருக்கும் வசதி இருப்பது வேறு. ரோபஸ்ட்னஸ்2 எக்ஸ்டென்ஷனை ஒரு டிரைவர் பட்டியலிட்டிருக்கலாம், ஆனால் அதன் ஃபீச்சர் கட்டமைப்பைக் கேட்டால் நல்டிஸ்கிரிப்டர் ஃபால்ஸ் என்று வரலாம். கெட்ஃபிசிக்கல்டிவைஸ்ஃபீச்சர்ஸ்2 அழைப்பில் பிநெக்ஸ்ட் சங்கிலியில் அந்தக் கட்டமைப்பைக் கோர்த்துக் கேட்டு, ட்ரூ வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வைனுக்குள் ஓடுகிறோமா என்று என்டிடிஎல்எல்-இல் வைன்_கெட்_வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், பிழை அறிக்கையில் எழுத அது உதவும். அதை வைத்து வசதிகளை வெட்டாதீர்கள். உங்கள் புரோகிராமுக்கு எந்தப் பதில் போய்ச் சேர்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க, மைக்ரோசாஃப்ட்டின் டிஎக்ஸ் கேப்ஸ் வியூவரை அதே வைன் ப்ரிஃபிக்ஸில் (வைன் உருவாக்கி வைத்திருக்கும் விண்டோஸ் போன்ற ஃபோல்டர்) திறந்து பார்க்கலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. சோதனைக்காக எழுதிய வரிகளை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். புதிய கார்டு மாட்டிய பிறகும் ஒரு கேம் பழைய கார்டின் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. டிரைவரை மாற்றினேன், ப்ரிஃபிக்ஸையே புதிதாக உருவாக்கினேன், இரண்டு மாலைப் பொழுது போனது. கேம் ஃபோல்டரில் நானே எப்போதோ எழுதி மறந்த டிஎக்ஸ்விகே.கான்ஃப் இருந்தது, உள்ளே கஸ்டம்டிவைஸ்டெஸ்க். லாகில் எஃபெக்டிவ் கான்ஃபிகரேஷன் என்ற தலைப்பின் கீழ் அந்த வரி முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது, நான்தான் அதைத் தாண்டித் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.